மதுரைக் கட்டடங்களை வரைந்து பார்ப்போம்: மஹால், புது மண்டபம், பத்துத்தூண்

வைகைக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். நம் ஊரைப் பற்றிய படப் புத்தகம் எதை எடுத்தாலும் தெற்குக் கோபுரத்தில் தொடங்கிப் பொற்றாமரைக் குளத்தில் முடிந்துவிடுகிறது. கோபுரத்தைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள கட்டடங்கள் எதனால் கட்டப்பட்டன, எப்படி நிற்கின்றன, எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று படம் போட்டு விளக்குவார் யாரும் இல்லை. கட்டட வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பென்சில் படங்களை ஒவ்வொன்றாக இங்கே இடுகிறேன். நீங்களும் தெரிந்ததைச் சேர்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்கு இந்தப் பாக்கியம் 1675-இலேயே வாய்த்துவிட்டது. டேவிட் லோகன் என்ற செதுக்கோவியர் அந்த ஊர்க் கல்லூரிகளை உயரத்திலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, செம்புத் தகட்டில் செதுக்கி, ஒரே தொகுப்பாக வெளியிட்டார். பின்னாளில் அங்கே பல சுவர்களில் இருந்த ஹெடிங்டன் கல் பொரிந்து உதிர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டில் வேறு கல் வைத்து முகப்பைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. பழைய தோற்றத்துக்கு லோகனின் படங்கள் இன்றும் சாட்சியாக இருக்கின்றன. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் நம்முடையது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவியதும் இங்கேதான். 1966-இல் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இத்தனை இருந்தும் நமக்கு ஒரு லோகன் இல்லாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

[படம் 1: மஹால் முற்றத்துத் தூண் வரிசையின் குறுக்குவெட்டு]
[படம் 2: புது மண்டபத்தின் இரண்டு தூண்கள், போதிகை, உத்திரம்]

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் திருமலை நாயக்கர் கட்டியவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் இரண்டும் நிற்கிற விதமே வேறு.

புது மண்டபம் முழுக்கக் கருங்கல். தூண் மேல் போதிகை (தூணின் தலையில் இருபுறமும் நீளும் தாங்குகல்), போதிகை மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் கற்பலகை. கல்லுக்கு நசுக்குவதைத் தாங்கும் வலிமை அபாரம்; வளைப்பதைத் தாங்கும் வலிமை குறைவு. உத்திரக் கல் நீண்டுபோனால் அடிப்பக்கத்தில் விரிசல் கண்டு முறிந்துவிடும். அதனால்தான் தூண்களை நெருக்கமாக நட்டு, போதிகையை இரண்டு பக்கமும் நீட்டி, உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளியைக் குறைத்திருக்கிறார்கள். 124 தூண்கள் அங்கே நிற்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

மஹால் செங்கல்லும் சுண்ணாம்பும். அங்கே இடைவெளியைத் தாண்டுவது வளைவு. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை நெருக்குகிறதே தவிர வளைவதில்லை. ஆகவே அகலமாகத் தாண்ட முடிகிறது. ஆனால் வளைவின் இரண்டு கால்களும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலை யாராவது தாங்கியாக வேண்டும். மஹாலின் தூண்கள் கைகோத்துக் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் இருப்பதும், தூண் வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை வருவதும் அதற்காகத்தான். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது பிரமிப்புதான் வருகிறது. குறுக்குவெட்டை வரைகிறபோதுதான் கணக்கு தெரிகிறது.

---

மேலமாசி

அருமையான தொடக்கம், ஐயா. மஹாலை இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் வடிவமைத்தார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அங்கே சுற்றிக் காட்டுகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். அந்த உருண்டைத் தூண்களைப் பார்த்தால் நம் கோயில் தூண் எதனுடைய சாயலும் இல்லை. இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

---

கல்லூரிச்சாலை

நான் வரலாறு கற்பிப்பவன். இத்தாலியர் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் எனக்கு ஒரு பெயரையோ, ஒரு ஓலையையோ, ஒரு கல்வெட்டு வரியையோ காட்டியதில்லை. கதை ஒரு பக்கம் இருக்கட்டும், கட்டடத்தைக் கேட்போம்.

மஹாலின் வளைவு விளிம்புகளைப் பாருங்கள். இதழ் இதழாக வெட்டுப்பட்டிருக்கின்றன. அந்த இதழ் வளைவு விஜயநகரத் தலைநகரான ஹம்பியில் தாமரை மஹாலில் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அரண்மனை எழுப்பும் வழக்கத்தைச் சந்திரகிரிக் கோட்டையிலும் காணலாம். நாயக்கர்கள் யார்? விஜயநகரத்தின் படைத்தலைவர்களாக இங்கே வந்தவர்கள். தெய்வத்துக்குக் கல், அரசன் குடியிருக்கச் செங்கல், மரம், சுதை என்பது அங்கே ஏற்கெனவே நடப்பில் இருந்தது. விஜயநகரத்தார் அந்த வளைவையும் குவிமாடத்தையும் தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களிலிருந்து பழகிக்கொண்டார்கள். அது தெற்கே நகர்ந்து மதுரைக்கு வந்து சேர்ந்தது. இதை விளக்க இத்தாலி வரைக்கும் போக வேண்டியதில்லை.

---

மேலமாசி

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் முழுவதுமாக அல்ல. ராபர்ட் டி நொபிலி பாதிரியார் 1606-இல் மதுரைக்கு வந்துவிட்டார். அவர் இத்தாலியர். மஹால் கட்டிய ஆண்டு 1636 என்கிறார்கள். இந்த ஊருக்கும் ஐரோப்பாவுக்கும் அப்போது தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாதே? வளைவு ஹம்பியிலிருந்து வந்திருக்கலாம். தூணின் பருமனும் உருட்சியும் ஹம்பியில் எங்கே இருக்கின்றன?

---

கல்லூரிச்சாலை

நியாயமான கேள்வி. தொடர்பு இருந்தது என்பது உண்மை. பாதிரியார் ஊரில் இருந்தார் என்பதிலிருந்து கொத்தனாருக்கு வரைபடம் கொடுத்தார் என்பதற்குத் தாவ முடியாது என்பதுதான் என் வாதம். தூணின் பருமனுக்கு வைகைக்கரை ஐயா சொன்ன காரணமே எனக்குப் போதும்: தள்ளலைத் தாங்க வேண்டும். அரசன் உயரம் கேட்டான், கொத்தனார் பருமன் கொடுத்தார்.

---

சுதைவேலை

எங்கள் குடும்பம் கொத்து வேலைக் குடும்பம். யார் வரைந்தார் என்ற விவாதத்தில் யார் கட்டினார் என்பதை மறந்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

மஹால் தூணின் மேல்பூச்சைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? பழைய பூச்சு இருக்கும் இடத்தில் சலவைக்கல் மாதிரி வழுக்கும், குளிர்ச்சியாக இருக்கும். அது ஒரே நாளில் வருவதில்லை. சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றிக் குழியில் போட்டு வாரக் கணக்கில் ஊற விட வேண்டும். ஊறாத சுண்ணாம்பைப் பூசினால் சுவரில் ஏறிய பிறகு பொங்கி, கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும். பிறகு மணல் சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேரும். முதல் பூச்சு முரடாக இருக்கும். அடுத்தடுத்த பூச்சு மெலிந்துகொண்டே போகும். கடைசிப் பூச்சு வெறும் வெண்சுண்ணாம்பு. முட்டை வெண்கரு சேர்ப்பது அதில்தான். அது ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். ஒரு தூணின் முழுச் சுற்றையும் ஒரே மூச்சில் முடிக்க எத்தனை கைகள் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பழுது பார்க்கிறேன் என்று எங்கேயாவது சிமெண்ட் பூசினால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரம் உப்பைக் கொண்டுவந்து செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கும்.

ஐயா, உங்கள் படத்தில் பூச்சுகளின் அடுக்கையும் காட்ட முடிந்தால் நல்லது.

---

வைகைக்கரை

கண்டிப்பாகக் காட்டுகிறேன், தம்பி. பூச்சு பெயர்ந்து செங்கல் வெளியே தெரிகிற ஒரு மூலையைக் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பெரிதாக்கி, அடுக்கு அடுக்காக வரைந்து இடுகிறேன். நீங்கள் சொன்ன வரிசையைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

---

ஏழுகடல்தெரு

நான் கட்டடக்கலை படிக்கும் மாணவி. ஒரு சந்தேகம். இப்போது கையடக்கக் கருவியாலேயே முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவிடலாம். ஒரு மண்டபத்தை அரை நாளில் மில்லிமீட்டர் கணக்கில் பதிவு செய்கிறார்கள். அப்படியிருக்க, பென்சிலும் நாடாவும் எடுத்துக்கொண்டு அளப்பது எதற்கு? மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை, ஐயா. கல்லூரியிலும் எங்களுக்குள் இதே விவாதம் ஓடுகிறது.

---

வைகைக்கரை

நல்ல கேள்வி, அம்மா. ஸ்கேன் கட்டாயம் வேண்டும். அதை வேண்டாம் என்று சொல்கிறவன் நான் அல்ல. ஆனால் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிவு செய்யும். 17-ஆம் நூற்றாண்டுப் பூச்சும் போன மாதம் அடித்த வெள்ளையும் அதற்கு ஒன்றுதான். வரைகிறவன் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இந்தக் கோடு இணைப்பா, விரிசலா? இந்தப் பிதுக்கம் கட்டும்போதே வைத்ததா, பிறகு ஒட்டியதா? தெரியாமல் கோடு போட முடியாது. தெரிந்துகொள்ளத் தொட்டுப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், மறுபடி போக வேண்டும். என் தொழிலில் நான் கற்றதெல்லாம் இந்த வழியில்தான்.

உங்கள் தெருவிலேயே ராயகோபுரம் இருக்கிறதே, அதை வரைந்திருக்கிறீர்களா? 50 அடிக்கு மேல் உயரமுள்ள ஒற்றைக்கல் நிலைக்கால்கள். மேலே கோபுரம் எழும்பவே இல்லை. முடிந்த கட்டடம் தன் வேலைமுறையை மறைத்துவிடும். முடியாத கட்டடம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். மாணவர்களுக்கு ராயகோபுரத்தைவிடச் சிறந்த வகுப்பறை இந்த ஊரில் இல்லை. சுற்றிலும் கடைகள் நெருக்கி அடித்துக்கொண்டு இருப்பதால் முழுமையாகப் பார்க்கவே இடம் இல்லை என்பதுதான் கொடுமை.

---

கல்லூரிச்சாலை

நமக்கு லோகன் இல்லை என்று ஐயா வருத்தப்பட்டார். லோகன் இல்லாமல் இருக்கலாம், சாட்சிகள் இருக்கிறார்கள்.

ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியல், அவர் உறவினர் வில்லியம் டேனியல் இருவரும் 1792-இல் மதுரைக்கு வந்தார்கள். இருட்டுப் பெட்டிக் கருவி வழியாகக் காட்சியைத் தாளில் விழ வைத்துக் கோடு பிடிப்பது அவர்கள் முறை. அதனால் அளவுகளை ஓரளவு நம்பலாம். மஹாலை அவர்கள் வரைந்த படங்களில் ஒன்றின் தலைப்பே அரண்மனை இடிபாடுகள் என்பதுதான். திருமலை நாயக்கருக்குப் பின் சொக்கநாத நாயக்கர் அரண்மனையின் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பது நமக்குத் தெரியும். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான் என்கிறார்கள்.

அடுத்து லின்னேயஸ் டிரைப். சென்னை அரசாங்கத்துக்காகப் படம் பிடித்த ராணுவ அதிகாரி. 1858-இல் மதுரைப் படங்களைத் தொகுதிகளாக வெளியிட்டார். மஹால், புது மண்டபம், ராயகோபுரத்து ஒற்றைக்கல் தூண்கள், நம் விளக்குத்தூண் எல்லாம் அவற்றில் உண்டு. மெழுகு பூசிய காகிதத்தில் எடுத்த படங்கள். வெகுநேரம் ஒளி பட வேண்டியிருந்ததால் நடமாடும் மனிதர்கள் பதிவாக மாட்டார்கள். கல் மட்டும் துல்லியமாக நிற்கும். வெறுமையாக வந்த வானத்தில் மேகங்களை அவரே தூரிகையால் சேர்த்ததும் உண்டு. ஆகவே டிரைப்பின் வானத்தை நம்ப வேண்டாம், சுவரை நம்பலாம்.

அதன் பிறகுதான் 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு மஹாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அந்த வேலையில் ஈடுபட்டவர் ராபர்ட் சிஷோம். மஹாலைப் பற்றி 1870-களில் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர்கள் கழகத்துக்குக் கட்டுரையும் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவரும் அவர்தான். இங்கேதான் நம் விவாதத்துக்குத் தேவையான விஷயம் இருக்கிறது: இன்றைய மஹாலில் திருமலை நாயக்கரும் இருக்கிறார், சிஷோமும் இருக்கிறார். எந்தச் சுதை உருவம் யாருடையது என்று டேனியலையும் டிரைப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் பிரிக்க முடியும். இத்தாலிச் சாயல் என்று தோன்றுவதில் எவ்வளவு 19-ஆம் நூற்றாண்டுப் பழுதுவேலை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

---

மேலமாசி

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. பழைய படத்தோடு ஒப்பிடாமல் தூணின் தலைப்பகுதியைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று தோன்றுகிறது. ஆனாலும் தூண்களின் உடல் 1792-க்கு முன்னாலேயே இருந்தது. அதற்கு விடை வரும்வரை என் கேள்வியை நான் கைவிடவில்லை.

---

ஜவுளிக்கடை

எங்கள் கடை விளக்குத்தூண் பக்கம். பத்துத்தூணைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே? அதுவும் நாயக்கர் அரண்மனையின் மிச்சம்தானே. சந்துக்குள் பத்துத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. அடியில் சேலை மூட்டைகள் இறங்குகின்றன, ஏறுகின்றன. தீபாவளி நேரத்தில் தூண் இருப்பதே தெரியாது. வெளியூர்க்காரர்கள் பத்துத்தூண் சந்து எங்கே என்று கேட்டுவிட்டுத் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். மஹாலுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்களில் எத்தனை பேர் இங்கே வருகிறார்கள்? அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை அந்தப் பத்துத் தூண்களைத் தவிர வேறு எது சொல்லும்?

விளக்குத்தூணுக்கும் ஒரு வரி வேண்டும். பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். அவர் நினைவாக நட்டது இந்தத் தூண். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரால் வழங்குகின்றன. கலெக்டருக்குத் தூண் என்றால் மேஸ்திரிக்கு ஒரு வீதியாவது கிடைத்ததே என்று எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

---

வைகைக்கரை

மிக்க நன்றி, அண்ணாச்சி. பத்துத்தூணை வரைவதில் எனக்கு இருக்கும் சிக்கல், பின்வாங்கி நின்று பார்க்க இடம் இல்லாததுதான். மாடி எதிலிருந்தாவது பார்க்க வழி உண்டா?

---

புதுமண்டபத்தான்

என் தாத்தா புது மண்டபத்துக்குள் தையல் எந்திரம் போட்டு உட்கார்ந்தவர். அதனால் அந்த மண்டபத்தைப் பற்றி நான் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன்.

கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகு எல்லோரும் மண்டபத்துக்கு விடுதலை கிடைத்தது என்றார்கள். சிற்பங்களுக்கு அது நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. கல் யானை கரும்பு தின்னும் சிற்பமும், சிவன் பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த சிற்பமும், கயிலையைத் தூக்கும் ராவணனும் துணிச்சுருளுக்கும் பாத்திர அடுக்குக்கும் பின்னால் கிடந்தன. நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் தூணில் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்கள் தோளில் அளவு நாடா தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஐயா வரையப்போகும் தொகுப்பில் அந்தத் தையல்காரர்களும், புத்தகக் கடைக்காரர்களும், வளையல் கடைக்காரர்களும் ஒரு படத்திலாவது வர வேண்டும். அந்த மண்டபத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். வைகாசி வசந்த உற்சவத்துக்கு மீனாட்சி வந்து அமர்கிற மண்டபத்தில் மீதி நாட்களெல்லாம் ஊர் உட்கார்ந்திருந்தது. அதுவும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதானே?

திருமலை நாயக்கரின் சிலைக்குப் பக்கத்தில் நிற்கும் ராணியின் தொடையில் ஒரு சிறிய பெயர்ப்பு இருக்கிறது. செதுக்கும்போது அந்தச் சில்லு தெறித்தது என்றும், அது அப்படியே இருக்கட்டும் என்று அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் சொன்னார் என்றும், அதனால் அரசனின் சந்தேகத்துக்கு ஆளாகித் தன் கண்களையே இழந்தார் என்றும் தாத்தா கதை சொல்வார். கர்ணபரம்பரைக் கதைதான். ஆனால் அந்தப் பெயர்ப்பைத் தேடிப் பார்க்கிறவர்கள் மற்றச் சிற்பங்களையும் நின்று பார்க்கிறார்கள். அந்தக் கதையை உள்ளே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் தையல்காரர்கள்தான்.

---

ஏழுகடல்தெரு

இதைப் படித்தவுடன் வீட்டில் இருந்த பழைய படங்களைத் தேடினேன். கடைகள் இருந்த காலத்தில் புது மண்டபத்துக்குள் எடுத்த குடும்பப் படங்கள் சில கிடைத்தன. பின்னால் போதிகையும் உத்திரமும் தெளிவாகத் தெரிகின்றன. முன்னால் எந்திரத்தில் குனிந்திருக்கிறார் ஒருவர். அவரது முகம் தெரியாதபடி கோட்டோவியமாக மாற்றி இங்கே இடலாமா?

---

புதுமண்டபத்தான்

முகம் தெரியாமல் இடுவதே சரி. மற்றவர்களும் இப்படி வீட்டில் இருக்கும் படங்களைப் பாருங்கள். கல்யாணப் பை தைக்கக் கொடுக்க வந்தபோது எடுத்த படத்தில்கூட ஒரு யாளி நின்றிருக்கும்.

---

சுதைவேலை

அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் கட்டடங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். அங்கே செங்கல்லைப் பூச்சு இல்லாமல் வெளியே காட்டியிருக்கிறார்கள். மஹாலில் செங்கல் சுதைக்குள் மறைந்திருக்கிறது. கோரிப்பாளையத்தில் உள்ள இந்தக் கல்லூரியில் அதுவே முகம். பூசி மறைக்காத சுவர் என்றால் ஒவ்வொரு வரிசையும் நூல் பிடித்த மாதிரி வர வேண்டும். கொத்தனாரின் தவறு ஒன்றையும் ஒளிக்க முடியாது. அந்த வளைவுகளில் செங்கல்லை ஆப்பு வடிவில் தேய்த்து வைத்திருக்கிறார்களா, இணைப்புச் சாந்தை அகலமாக்கிச் சமாளித்திருக்கிறார்களா என்று அருகே போய்ப் பார்த்து யாராவது சொல்லுங்கள்.

---

கல்லூரிச்சாலை

அதை நான் பார்த்து எழுதுகிறேன். அனுமதி கேட்க வேண்டிய இடங்களில் முன்கூட்டியே கேட்டுவிடுவோம்.

---

ஜவுளிக்கடை

ஐயா, மாடிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். எங்கள் கிடங்கின் மொட்டை மாடியிலிருந்து பத்துத்தூணில் பாதிக்கு மேல் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சரக்கு வண்டிகள் வராது. சந்தும் காலியாக இருக்கும். அடிப்பகுதியை அளக்க வேண்டுமானாலும் அதுதான் நேரம்.

---

வைகைக்கரை

மிகவும் நன்றி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு விளக்குத்தூண் பக்கம் இருப்பேன். 30 மீட்டர் நாடாவும் தூக்குக்குண்டும் என்னிடம் இருக்கின்றன. தூணின் சுற்றளவை மூன்று உயரத்தில் எடுக்க வேண்டும். மேலே போகப் போக மெலிகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். ஏணி பிடிக்க இரண்டு பேர் தேவை. சுதைவேலைத் தம்பி வந்தால் பூச்சு மிச்சம் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். ஏழுகடல்தெரு அம்மா, உங்கள் ஸ்கேன் கருவியையும் கொண்டுவாருங்கள். நான் போடுகிற கோட்டையும் அது தருகிற அளவையும் ஒரே தாளில் வைத்து இங்கே இடுவோம்.

---

ஏழுகடல்தெரு

வருகிறேன், ஐயா. என்னோடு படிக்கும் இருவரும் வருகிறார்கள். ஏணிக்கு ஆள் ஆயிற்று.

---

மேலமாசி

நானும் வருகிறேன். பத்துத்தூணின் அளவும் மஹால் தூணின் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.